ராஸ்பெர்ரி பையில் ஃப்ளூயிட்சிந்த்: ஈக்குவலைசரை எங்கே மாட்டுவது?

மாட்டுத்தாவணி மிடி:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி), லைட் 64 பிட் ஓஎஸ், யூஎஸ்பி சவுண்ட் கார்டு. ஃப்ளூயிட்சிந்தில் (மிடியை ஒலியாக்குற மென்பொருள்) ஃப்ளூயிட்-ஆர்3 ஜிஎம் சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் இருக்கிற கோப்பு) ஓடுது, மிடி கீபோர்டும் யூஎஸ்பியில்தான். ஹெட்போனில் பிரச்சினை இல்லை. ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டால் பியானோவில் இடதுகை வாசிப்பது கும்முனு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கேட்குது. ஷெனாய் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துது. கோயில் விழா மேடையில் இதே லைன் குழாய் ஸ்பீக்கருக்கும் போகணும். சத்தம் பத்தலைன்னு கெயினை (ஒலியைப் பெருக்குற அளவு) 1.5 வச்சிருக்கேன். தனியா ஈக்குவலைசர் (அதிர்வெண் வாரியா சத்தத்தை ஏத்தி இறக்குறது) பெட்டி வாங்காமல் பைக்குள்ளேயே செய்ய முடியுமா? விரல் வைக்கிறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவில் இடைவெளி தெரியக் கூடாது.

வைகை வடகரை:
முடியும் தம்பி. ஆனா ஈக்குவலைசருக்கு முன்னாடி அந்த 1.5-ஐக் கீழே இறக்குங்க. ஃப்ளூயிட்சிந்தின் இயல்பு கெயின் 0.2. 10 வரை ஏத்த விடும், அதனாலதான் எல்லாரும் ஏத்திடுறாங்க. பெடல் மிதிச்சு நாலு ஸ்வரக்கூட்டு வாசிச்சா முப்பது நாப்பது குரல் (தனித்தனி ஒலி) ஒரே நேரத்தில் கூடும். கூட்டுத்தொகை 16 பிட் எண்ணில் கொள்ளுற எல்லையைத் தாண்டினதும் அலையின் தலை சப்பையா வெட்டுப்படும். அந்த வெட்டிலிருந்து புதுசா மேல் அதிர்வெண்கள் பிறக்கும். நீங்க "குத்துது"ன்னு சொல்றதில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம். வெட்டுப்பட்டதுக்கு அப்புறம் ஈக்குவலைசர் போட்டால் உடைஞ்ச சத்தம் மங்கலா உடைஞ்ச சத்தமாகும், அவ்வளவுதான்.

கெயினை 0.4-க்குக் கொண்டு வாங்க. சவுண்ட் கார்டின் அளவை ஆல்சாமிக்ஸரில் (லினக்ஸில் ஒலி அளவு மாத்துற கருவி) முழுசா ஏத்துங்க. மிச்சத்தை ஆம்ப்ளிஃபையரில் எடுங்க. பெடலை மிதிச்சு, பத்து விரலும் பலமா வச்சு, கரகரப்பு வருதான்னு பாருங்க. இதுக்கு மேலே ஈக்குவலைசரில் ஏதாவது ஒரு பட்டையை (அதிர்வெண் பகுதியை) 6 டெசிபல் தூக்கினால் அந்த இடத்தில் அலையின் உயரம் இரட்டிப்பாகும். அப்போ கெயினைப் பாதியாக்கணும். அதனால முடிஞ்சவரை தூக்காமல், வேண்டாததை இறக்கியே வேலையை முடிங்க.

அடுத்து ஒரு கேள்வி. எல்லா வாத்தியமும் கும்முதா, பியானோ மட்டுமா? பதிலைப் பொறுத்து ஈக்குவலைசர் போடுற இடம் மாறும்.

உசிலை சவுண்ட்ஃபான்ட்:
அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு வாத்தியத்தின் குறையை மொத்த வெளியீட்டில் சரிசெய்யப் போனால் மற்ற நூறு வாத்தியங்களின் நிறமும் மாறும். ஷெனாய் மட்டும் குத்துகிறது என்றால் சவுண்ட்ஃபான்ட் கோப்பிலேயே அதைத் திருத்துவதுதான் சுத்தம்.

பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஷெனாய் இன்ஸ்ட்ருமென்டுக்குப் போங்கள். அங்கே ஃபில்டர் கட்ஆஃப் (இதற்கு மேற்பட்ட அதிர்வெண்களைக் குறைக்கும் எல்லை) இருக்கும். சவுண்ட்ஃபான்ட் 2 வரையறையில் அதன் இயல்பு மதிப்பு 13500 சென்ட், அதாவது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். ஃபில்டர் முழுக்கத் திறந்திருக்கிறது என்று பொருள். 1200 சென்ட் ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி. 11100 என வைத்தால் இரண்டு ஆக்டேவ் இறங்கி 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். ஷெனாய்க்கு முதலில் 12000 வைத்துக் கேட்டுவிட்டு அங்கிருந்து இறக்குங்கள். இது லோபாஸ் (மேல் அதிர்வெண்களைக் குறைப்பது) மட்டுமே. நடுவில் ஒரு பட்டையை மட்டும் பள்ளமாக்க இதனால் முடியாது. மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்திக்கொண்டு கை வையுங்கள்.

இன்னொன்று, ரிவர்ப், அதாவது செயற்கை எதிரொலி. ஃப்ளூயிட்சிந்தில் ரிவர்பும் கோரஸும் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஹெட்போனில் அது அழகு. நம் கல்யாண மண்டபங்களில் சுவரும் தரையும் ஏற்கெனவே எதிரொலிக்கும்போது அதன்மேல் இன்னொரு ரிவர்ப் ஏறினால் கீழ் ஸ்தாயி முழுக்கக் குழம்பும். சிந்த்-ரிவர்ப்-ஆக்டிவ், சிந்த்-கோரஸ்-ஆக்டிவ் இரண்டையும் 0 ஆக்கிவிட்டு அந்தக் "கும்" எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். செயலிச் சுமையும் கணிசமாகக் குறையும்.

மாட்டுத்தாவணி மிடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. கெயின் 0.4, ரிவர்ப் நிறுத்தியாச்சு. கரகரப்பு சுத்தமா போச்சு. கும் பாதி குறைஞ்சது. மிச்சம் பியானோ, பேஸ் கிட்டார், தபேலா பாயா எல்லாத்திலும் வருது. அப்போ மொத்த வெளியீட்டில்தானே போடணும்?

வைகை வடகரை:
ஆமா, இப்போ அது பாக்ஸோட குணம், இல்லைன்னா அறையோட குணம். மொத்த வெளியீட்டில் போடலாம். சுலபமான வழி ஆல்சா-ஈக்வல், லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவுக்குள்ளேயே செருகுற ஈக்குவலைசர்.

லிப்-ஏசவுண்ட்2-பிளகின்-ஈக்வல் பொதியை ஆப்ட் வழியா நிறுவுங்க. உள்ளே வேலை செய்யுறது கேப்ஸ் தொகுப்பின் ஈக்யூ10 பிளகின் (செருகுநிரல்). அப்புறம் ஹோம் அடைவில் டாட்-ஏசவுண்ட்ஆர்சி கோப்பில் மூணு தொகுதி எழுதணும். முதலாவது கன்ட்ரோல்: பெயர் ஈக்வல், வகை ஈக்வல். ரெண்டாவது பிசிஎம் (ஒலி போற பாதை): பெயர் பிளக்ஈக்வல், வகை ஈக்வல், அதன் ஸ்லேவ் (ஒலியை அடுத்து வாங்குறது) உங்க சவுண்ட் கார்டு. மூணாவதும் பிசிஎம்: பெயர் ஈக்வல், வகை பிளக், அதன் ஸ்லேவ் பிளக்ஈக்வல். மூணாவதை விட்டுட்டா ஓடாது. ஈக்வல் பிளகினுக்கு ஃப்ளோட் (தசம எண்) வடிவ ஒலி மட்டும்தான் புரியும், 16 பிட்டை மாத்திக் கொடுக்க வெளியே ஒரு பிளக் வேணும்.

ஸ்லேவ் எழுதும்போது கார்டு எண்ணை நம்பாதீங்க. ஹெச்டிஎம்ஐ செருகினா ஒரு வரிசை, செருகாட்டி வேற வரிசை வரும். ஏபிளே ஹைபன் எல் அடிச்சா கார்டின் பெயர் வரும், ஸ்லேவ் வரியில் வர்ற பிளக்-ஹெச்டபிள்யூவுக்கு அந்தப் பெயரையே கொடுங்க.

ஃப்ளூயிட்சிந்தில் ஆடியோ-ஆல்சா-டிவைஸ் மதிப்பை ஈக்வல்னு வையுங்க. ஆல்சாமிக்ஸரை ஹைபன் டி ஈக்வல்னு திறந்தா 31 ஹெர்ட்ஸில் தொடங்கி 16 கிலோஹெர்ட்ஸ் வரை பத்து பட்டை வரும். வாசிச்சுக்கிட்டே மாத்தலாம்.

மாட்டுத்தாவணி மிடி:
வேலை செய்யுது! ஆனா மூணு சந்தேகம். பத்து பட்டையும் 66-ல் நிக்குது. நூறுதானே முழு அளவு, எல்லாத்தையும் நூறாக்கினா பயங்கரமா உடையுது. ரெண்டாவது, ஸ்பீக்கர்-டெஸ்ட் ஓட்டினா "டிவைஸ் பிசி" (கருவி ஏற்கெனவே வேலையில் இருக்கு)ன்னு வருது. மூணாவது, சிஸ்டம்டி சர்வீஸா (பின்னணியில் ஓடுற நிரலா) போட்டு, பை எழும்போதே தானா தொடங்க வச்சேன், நான் வச்ச அமைப்பு எதுவும் அதில் கேட்கலை.

வைகை வடகரை:
66-தான் சமநிலை. ஈக்யூ10 பட்டைகள் மைனஸ் 48-லிருந்து பிளஸ் 24 டெசிபல் வரை போகும், மொத்தம் 72. அதை நூறா பிரிச்சுக் காட்டுது. ஒரு படி 0.72 டெசிபல். 48-ஐ 72-ஆல் வகுத்தா 66.7, அதுதான் பூஜ்யம். நூறுன்னா 24 டெசிபல், அலை உயரம் கிட்டத்தட்ட 16 மடங்கு. உடையாம என்ன செய்யும்! கையில் குறிச்சு வச்சுக்குங்க: 62 போட்டா சுமார் 3 டெசிபல் குறையும், 58 போட்டா 6 குறையும், 71 போட்டா 3 கூடும். 50-க்குக் கீழே போக வேண்டி வந்தா பிரச்சினை வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்.

"டிவைஸ் பிசி": ஈக்வலை ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் திறக்கலாம். சோதிக்கும்போது ஃப்ளூயிட்சிந்தை நிறுத்துங்க.

சர்வீஸ்: அமைப்பு டாட்-ஆல்சாஈக்வல்-டாட்-பின் என்ற கோப்பில், ஓட்டுற பயனரின் ஹோம் அடைவில் சேமிப்பாகும். சர்வீஸ் ரூட்டா (நிர்வாகப் பயனரா) ஓடினா ரூட்டின் ஹோமில் தேடும், அங்கே எல்லாம் 66-ல் நிக்கும். சர்வீஸின் அமைப்பை எழுதின யூனிட் கோப்பில் யூசர் வரியில் உங்க பயனர் பெயரைப் போட்டாலே தீர்ந்தது. அந்தப் பயனர் ஆடியோ குழுவில் இருக்கணும்.

திருப்பாலை டிஎஸ்பி:
ஆல்சா-ஈக்வல் சரிதான். ஆனால் பத்து பட்டைகளும் நிலையான அதிர்வெண்களில் உட்கார்ந்திருக்கின்றன. குறை 180 ஹெர்ட்ஸில் இருந்தால் 125, 250 இரண்டையும் இறக்க வேண்டும், தேவையில்லாத இடமும் சேர்ந்து இறங்கும். இதைவிடத் துல்லியமான வழி ஃப்ளூயிட்சிந்துக்குள்ளேயே லாட்ஸ்பா (லினக்ஸ் ஒலி பிளகின்களின் ஒரு வகை) பிளகின் போடுவது. அங்கே ஒலி ஃப்ளோட் வடிவில் இருக்கிறது, 16 பிட்டாக வெட்டுவதற்கு முன்பே ஃபில்டர் ஆகிவிடும்.

முதலில் உங்கள் ஃப்ளூயிட்சிந்த் லாட்ஸ்பாவோடு தொகுக்கப்பட்டதா என்று பாருங்கள். அதன் ஷெல்லில் (கட்டளை அடிக்கும் இடம்) ஹெல்ப் லாட்ஸ்பா என்று கேட்டால் கட்டளைகள் வர வேண்டும். வராவிட்டால் மூலநிரலை எடுத்து, சிமேக் என்ற தொகுப்புக் கருவியில் எனேபிள்-லாட்ஸ்பாவை இயக்கித் தொகுக்க வேண்டும். பை 4-இல் சில நிமிட வேலைதான்.

பிளகின்களுக்கு எஸ்டபிள்யூஹெச் தொகுப்பு. அதில் எம்பிஈக்யூ என்ற 15 பட்டை ஈக்குவலைசர் கண்ணில் படும். அதை எடுக்காதீர்கள். அது எஃப்எஃப்டி (ஒலியைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) வழியாக வேலை செய்கிறது. வினாடிக்கு 48000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) வேகத்தில் 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதம் சேரும். பாட்டு கேட்பதற்குப் பரவாயில்லை, வாசிப்பதற்கு ஆகாது. அதே தொகுப்பில் ட்ரிபிள்-பாரா இருக்கிறது: மூன்று பாராமெட்ரிக் பட்டைகள் (அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே வைக்கலாம்), கீழும் மேலும் ஒவ்வொரு ஷெல்ஃப் (ஓர் எல்லைக்கு அப்பால் முழுவதையும் ஏற்றி இறக்குவது). எல்லாம் பைக்வாட் (சாம்பிள் சாம்பிளாகக் கணக்கிடும் சிறு ஃபில்டர்), தொகுதித் தாமதமே கிடையாது.

அமைக்கும் முறை: ஃப்ளூயிட்சிந்தைத் தொடங்கும்போது சிந்த்-லாட்ஸ்பா-ஆக்டிவ் 1. பிறகு ஒரு கட்டளைக் கோப்பு எழுதி ஹைபன் எஃப் மூலம் கொடுங்கள். அதில் லாட்ஸ்பா-எஃபெக்ட் வரி இரண்டு முறை வரும், ஏனென்றால் ட்ரிபிள்-பாரா மோனோ. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. லாட்ஸ்பா-லிங்க் வரியில் முதலாவதன் இன்புட், அவுட்புட் இரண்டையும் மெயின்:எல் உடன் இணையுங்கள், இரண்டாவதை மெயின்:ஆர் உடன். லாட்ஸ்பா-செட் வரிகளில் மதிப்புகள். கடைசியில் லாட்ஸ்பா-செக், குறையில்லை என்றால் லாட்ஸ்பா-ஸ்டார்ட். கட்டுப்பாட்டுப் பெயர்களில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். சரியான பெயர்களை அனலைஸ்பிளகின் என்ற கருவி பட்டியலிட்டுத் தரும்.

பட்டை அகலம் இங்கே ஆக்டேவில் கேட்கும், மற்ற கருவிகள் க்யூவில் (பட்டை குறுகக் குறுக ஏறும் எண்) கேட்கும். ஓர் ஆக்டேவ் என்றால் க்யூ 1.41. இரண்டு ஆக்டேவுக்கு 0.67. மூன்றில் ஓர் ஆக்டேவுக்கு 4.3.

ஒத்தக்கடை ஒலி:
எந்த அதிர்வெண்ணைப் பிடிக்கிறதுன்னு யாரும் சொல்லலையே. ஆம்ப்ளிஃபையரைத் தாழ்வா வச்சுட்டு, ஒரு பட்டையை அரை ஆக்டேவ் அகலத்தில் 6 டெசிபல் தூக்குங்க. பியானோவில் இடதுகை மட்டும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிங்க. பட்டையை 80-லிருந்து 400 வரை மெதுவா நகர்த்துங்க. ஓரிடத்தில் சத்தம் கோரமாகும். அதுதான் ஆள். அதே இடத்தில் 4 முதல் 6 டெசிபல் இறக்கி, அகலத்தை ஓர் ஆக்டேவ் ஆக்கிடுங்க. தூக்கும்போது குறுகல், இறக்கும்போது அகலம். குறுகலா ஆழமா வெட்டினா அந்த ஸ்வரம் மட்டும் காணாமப் போகும்.

பயிற்சி அறையில் செட் பண்ணின அமைப்பை மேடைக்கு அப்படியே கொண்டுபோகாதீங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைன்னா, நம்ம ஊர் வெயிலில் ஒலி வேகம் வினாடிக்கு 350 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நீளவாட்டில் 48 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 58 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே நின்னு முழங்கும். அறை மாறினா அந்த எண்ணும் மாறும். இன்னொண்ணு, அறைக்குள்ள ஓர் இடத்தில் கீழ் ஸ்தாயி சுத்தமா கேட்கலைன்னா அங்கே அலைகள் ஒண்ணையொண்ணு அழிச்சுக்குது. ஈக்குவலைசரில் எவ்வளவு தூக்கினாலும் நிரம்பாது, ஆம்ப் சூடாகிறதுதான் மிச்சம். பாக்ஸை நகர்த்துங்க.

குழாய் விஷயம் தனி. அதில் கீழ் ஸ்தாயி கேட்கலைன்னு பேஸை ஏத்துறதுதான் யூனிட் (குழாயின் பின்னாடி ஒலி எழுப்புற பகுதி) சாகிறதுக்குக் காரணம். குழாய் ஓர் அளவுக்குக் கீழே காற்றைப் பிடிச்சுத் தள்ளாது. அந்த அதிர்வெண்ணில் டயஃப்ரம் பிடிமானமில்லாம முன்னும் பின்னும் அதிகமா ஆடும், காயில் உரசும், கிழியும். 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தா கீழ் ஸ்தாயியில் அதன் கோர் (இரும்பு மையம்) காந்தத்தால் நிறைஞ்சு அலையைச் சிதைக்கும். குழாய்க்குப் போற லைனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கட்டாயம் வெட்டணும், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு வேணும். ஈக்குவலைசரில் 125-ஐ இறக்கினா மட்டும் பத்தாது, ஹைபாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுற ஃபில்டர்) வேணும். அப்புறம் குழாயோட இயல்பே 2-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸில் கத்துறது. அங்கே 4 டெசிபல் இறக்கினா ஊர் எல்லையில் இருக்கிறவங்களும் ஷெனாயை ரசிப்பாங்க.

மாட்டுத்தாவணி மிடி:
அப்போ பாக்ஸுக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணுன்னு ரெண்டு ஈக்குவலைசர் வேணும். கார்டில் இருக்கிறது இடது, வலது ரெண்டே வெளியீடு. இடதை பாக்ஸுக்கும் வலதைக் குழாய்க்கும் கொடுத்தா?

திருப்பாலை டிஎஸ்பி:
கொடுக்கலாம். ஆனால் அப்படியே கொடுத்தால் பியானோவின் ஒரு பக்கம் பாக்ஸிலும் மறுபக்கம் குழாயிலும் போகும். இரண்டையும் முதலில் மோனோவாகக் கூட்ட வேண்டும். இதற்கு ஜாக் (செயலிகளுக்கு இடையே ஒலியை இணைக்கும் மென்பொருள்) தான் எளிது. ஜாக்கில் ஒரு இன்புட்டில் இரண்டு கம்பிகளைச் செருகினால் தானே கூட்டிக்கொள்ளும். ஃப்ளூயிட்சிந்தை ஜாக் டிரைவரில் ஓட்டி, தானாக இணைக்கும் ஹைபன் ஜே-வைச் சேர்க்காதீர்கள். லெஃப்ட், ரைட் இரண்டையும் முதல் ஈக்குவலைசரின் இன்புட்டில் செருகுங்கள், அதன் அவுட்புட் பிளேபேக் 1 (கார்டின் இடது வெளியீடு). அதே லெஃப்ட், ரைட்டை இரண்டாவது சங்கிலியிலும் செருகுங்கள்: ஹைபாஸ், அடுத்து ஈக்குவலைசர், பிறகு பிளேபேக் 2. எல்வி2 (இன்னொரு பிளகின் வகை) பிளகின்களை ஜால்வி என்ற நிரலில் திறக்கலாம். கூட்டும்போது 6 டெசிபல் வரை ஏறும், எனவே கெயின் 0.2-க்கு இறங்க வேண்டும்.

ஃப்ளூயிட்சிந்தின் லாட்ஸ்பாவிலும் இதைச் செய்யலாம், ஆனால் பஃபரும் மிக்ஸும் எழுதிப் பராமரிப்பது சிக்கல். மேடையில் அவசரத்துக்கு மாற்ற வேண்டியதை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி மிடி:
ஜாக் வந்தா தாமதம் கூடாதா?

வைகை வடகரை:
கணக்குப் போடலாம். ஃப்ளூயிட்சிந்தின் இயல்பு ஆல்சா அமைப்பு 64 சாம்பிள் கொண்ட பீரியட் (ஒரு தவணையில் போற தொகுதி), அப்படி 16. பெருக்கினா 1024, 44100-ல் 23 மில்லிசெகண்ட். கை பழகினவங்களுக்கு அது தெரியும். ஜாக்கில் 48000, பீரியட் 128, எண்ணிக்கை 3 வச்சா 384 சாம்பிள், 8 மில்லிசெகண்ட். யூஎஸ்பி கார்டுக்கு 2-ஐ விட 3 பீரியட்தான் நிலையா ஓடும். இதில் பைக்வாட் ஈக்குவலைசர் ஒண்ணும் சேர்க்காது. லீனியர் ஃபேஸ்னு ஒரு ஈக்குவலைசர் வகை வரும், 4096 டேப் (ஃபில்டரின் நீளம், சாம்பிளில்) வச்சா அது மட்டுமே 43 மில்லிசெகண்ட் சாப்பிடும். அதைத் தொடாதீங்க.

எக்ஸ்ரன் (ஒலி நேரத்துக்குத் தயாராகாம அறுந்து போறது) வந்தா ஈக்குவலைசரைக் குறை சொல்லாதீங்க. பத்து பட்டை, ரெண்டு சேனல், 48000: வினாடிக்கு 9,60,000 பைக்வாட், ஒண்ணுக்கு 5 பெருக்கல், 4 கூட்டல். ஒரு கோடிக்கும் குறைவான கணக்கு, பை 4-க்குத் தூசு. சுமை பாலிஃபோனியில் (ஒரே நேரத்தில் ஒலிக்கிற குரல்களின் உச்ச எண்ணிக்கை) இருக்கு. இயல்பு 256, அதை 96 ஆக்குங்க. சிபியூ கவர்னரை (செயலி வேகத்தைத் தீர்மானிக்கிற அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் வையுங்க. ஆடியோ குழுவுக்கு ஆர்டி-பிரையாரிட்டி (நேரம் தவறாம ஓடுற முன்னுரிமை) 95, மெம்லாக் (நினைவகத்தைப் பிடிச்சு வைக்கிற வரம்பு) அன்லிமிடெட்.

அப்புறம் சூடு. சித்திரையில் மேடைக்கடியில் மூடின பெட்டிக்குள்ள பையை வச்சா 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அங்கேதான் விட்டுவிட்டுக் கேட்கும். விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் கெட்-த்ராட்டில்ட் கேளுங்க, பூஜ்யம் வரணும். வரலைன்னா ஒண்ணு சூடு, இல்லை மின்னழுத்தக் குறைவு. அது பார்க்கிற எல்லை 4.63 வோல்ட். மெலிசான சார்ஜர் வயரே போதும் அதுக்குக் கீழே போக.

உசிலை சவுண்ட்ஃபான்ட்:
டெஸ்க்டாப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு: புக்வார்ம் என்ற ஓஎஸ் வெளியீட்டில் பைப்வயர் (ஒலியைப் பங்கிடும் மென்பொருள்) சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆல்சா-ஈக்வல் அதோடு மோதும். அங்கே பைப்வயரின் ஃபில்டர்-செயின் போதும். பீக்கிங், லோஷெல்ஃப், ஹைஷெல்ஃப், ஹைபாஸ் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன.

மாட்டுத்தாவணி மிடி:
டிஎஸ்பி அண்ணே, பிளகின் எதுவும் வேண்டாம், சி மொழியில் நானே ஒரு பட்டை எழுதிப் பார்க்கணும்னா எங்கே தொடங்குறது?

திருப்பாலை டிஎஸ்பி:
ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சனின் ஆடியோ ஈக்யூ குக்புக் சூத்திரங்கள்தான் எல்லோரும் பயன்படுத்துவது. ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போடுகிறேன், உங்கள் நிரலின் விடையை இதோடு ஒப்பிடலாம். பீக்கிங் (ஒரு பட்டையை மட்டும் மேடாக்கும் அல்லது பள்ளமாக்கும் ஃபில்டர்), 250 ஹெர்ட்ஸ், க்யூ 1, மைனஸ் 6 டெசிபல், 48000.

கோணம் = 2 × 3.14159 × 250 ÷ 48000 = 0.032725. ஆல்ஃபா = சைன்(கோணம்) ÷ (2 × க்யூ) = 0.016360. ஏ = 10-இன் அடுக்கு (−6 ÷ 40) = 0.707946. குணகங்கள் எல்லாவற்றையும் ஏ0-ஆல் (1 + ஆல்ஃபா ÷ ஏ) வகுத்த பிறகு:

பி0 = 0.988734
பி1 = −1.953780
பி2 = 0.966094
ஏ1 = −1.953780
ஏ2 = 0.954827

சரிபார்க்க ஒரு வழி: பி மூன்றின் கூட்டுத்தொகையும், 1 + ஏ1 + ஏ2-வும் சமமாக இருக்க வேண்டும். இரண்டும் 0.00105. பூஜ்ய அதிர்வெண்ணில் பெருக்கம் 1 என்பதற்கு அதுதான் சான்று. கவனியுங்கள், அது மிகச் சிறிய எண். குணகங்களை இரண்டு தசமத்தில் வெட்டினால் 1 − 1.95 + 0.95 = 0. ஃபில்டர் நிலைகுலையும் எல்லையிலேயே, அதாவது ஒரு போல் அலகு வட்டத்தின் விளிம்பில், வந்து உட்காரும். நுழைகிற சிறு டிசியையும் (மாறாத மின்னளவையும்) கூட்டிக்கொண்டே போய் வெளியீடு ஒரு பக்கமாக ஏறி நின்றுவிடும். கீழ் அதிர்வெண் ஃபில்டர்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குணகங்களை டபுளில் (துல்லியம் கூடிய எண் வகை) கணக்கிட்டு வையுங்கள், ஃபில்டரின் அமைப்பு ட்ரான்ஸ்போஸ்டு டைரக்ட் ஃபார்ம் 2 ஆக இருக்கட்டும்.

சாம்பிள் வேகத்தையும் நிரலில் எழுதி வைத்துவிடாமல் ஜாக்கிடம் கேட்டு வாங்குங்கள். 48000-க்குப் போட்ட குணகம் 44100-இல் ஓடினால் 250 ஹெர்ட்ஸ் பள்ளம் 230-க்கு நகர்ந்துவிடும். வாசிக்கும்போது குமிழைத் திருப்பினால் "டிக் டிக்" எனக் கேட்கும், குணகம் ஒரே தாவலாக மாறுவதால். டெசிபல் மதிப்பை 20 மில்லிசெகண்டில் படிப்படியாக நகர்த்தி, 32 சாம்பிளுக்கு ஒருமுறை குணகங்களைப் புதுப்பித்தால் போதும்.

மாட்டுத்தாவணி மிடி:
அருமை. கடைசியா ஒண்ணு. விழாவில் ஜெனரேட்டர் மாத்தும்போது கரன்ட் பட்டுனு போகும். எஸ்டி கார்டு கெட்டுப்போகாம இருக்க?

ஒத்தக்கடை ஒலி:
ராஸ்பி-கான்ஃபிகில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் இருக்கு, இயக்கிடுங்க. அதுக்கப்புறம் கார்டில் எதுவும் எழுதாது, கரன்ட் எப்போ போனாலும் கோப்பு கெடாது. ஆனா மேடையில் ஆல்சாமிக்ஸரில் மாத்தின அமைப்பும் ரீபூட்டில் போயிடும், அதுவும் கோப்புதானே. பாக்ஸுக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணு, மண்டபத்துக்கு ஒண்ணுன்னு கட்டளைக் கோப்புகளை வீட்டிலேயே எழுதி வச்சு, அப்புறமா ஓவர்லேயை இயக்குங்க. மேடையில் கண்டுபிடிச்ச நல்ல மதிப்பைக் காகிதத்தில் குறிச்சுட்டு வந்து, ஓவர்லேயை நிறுத்தி, ரீபூட் பண்ணி, எழுதி, மறுபடி இயக்கணும். கரன்ட் திரும்பும்போது ஆம்ப் முதல்ல எழுந்து பை அப்புறம் எழுந்தா "டப்"புனு ஒரு அடி விழும். பை முழுசா எழுந்த பிறகுதான் ஆம்ப் ஸ்விட்ச்சைப் போடணும்.